வடிவான காரை வைச்சிருக்கேலாது

நான் ஒஸ்லோவில பஸ் ஓடுறவள். கிழமை நாளில சிவப்பு லைட்டுக்கு மரியாதையா நிண்டு, பிள்ளை வண்டிலோட ஏறுற தாய்மாருக்குப் பொறுத்து, ஓடிவாற கிழவருக்குக் கதவைத் திறந்து பிடிச்சு, அவ்வளவு நல்ல பிள்ளையா ஓடுவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே கையால ஒரு ஓட்டைக் காரைச் சேத்துக்குள்ள விரட்டி, முன்னால போறவளை எப்பிடி முந்திறதெண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு திரிவன். இதை ஆரிட்டையும் சொன்னால் முதல்ல சிரிப்பினம். பேந்து என்ரை வயசைக் கேப்பினம். வயசைக் கேட்டாப் பிறகு சிரிப்பு நிண்டிடும், பக்கத்தில நிக்கிற என்ரை மனுசனைப் பாவமாப் பாப்பினம். அந்தப் பார்வை எனக்குக் கண்ணில காட்டேலாது.

இந்த ஓட்டத்துக்கு இஞ்சை பில்குறொஸ் எண்டு பேர். ஒண்டுக்கும் உதவாதெண்டு கழிச்சுவிட்ட காரை எடுத்து, உள்ளுக்கை இருக்கிற சீற்று, மெத்தை, பக்கக் கண்ணாடி எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சு, ஓடுற ஆளைச் சுத்தி இரும்புக் குழாயால ஒரு கூடு அடிச்சு, மண்ணும் தாரும் கலந்த வட்டப் பாதையில ஆறு ஆறு பேராச் சுத்திறது. சின்னச் சின்னச் சுற்றோட்டங்களில புள்ளி எடுத்தவை பின்னேரம் இறுதி ஓட்டத்துக்குப் போவினம். பொம்பிளையளுக்குத் தனிப் பிரிவு இருக்கு. ரீச்சர்மார், நேர்ஸ்மார், கோழிப்பண்ணைக்காரி எண்டு எல்லாரும் வருவினம். தமிழிச்சி நான் ஒராள்தான்.

என்னை இதுக்கை இழுத்துவிட்டது என்னோட பஸ் ஓடுற ஒரு நோர்வேஜியப் பொம்பிளை. கனகாலமா ஓடுறவ. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில, "ஞாயிறு என்ன செய்யிறாய், வா" எண்டா. நானும் பாக்கத்தான் கூப்பிடுறாவாக்கும் எண்டு நல்ல சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனனான். போய் இறங்கினாப் போலை தலைக்கவசத்தைக் கையில தந்து, தன்ரை காருக்கை ஏத்தி, பயிற்சிப் பாதையில ஓடச் சொன்னா. முதல் வளைவில கார் பின்பக்கத்தால சறுக்கிச்சுது பாருங்கோ. கத்தினனான். பயத்தில இல்லை, சந்தோசப் புழுகத்தில. இவ்வளவு காலமும் இவ்வளவு சனத்தைக் கவனமா ஏத்தி இறக்கின எனக்கு, ஆரையும் ஏத்தாமல் ஓடுறது எவ்வளவு சுகமெண்டு அண்டைக்குத்தான் விளங்கிச்சுது.

வீட்டை வந்து மனுசனிட்டைச் சொன்னன். அவர் ரீவியில இருந்து தலையைத் திருப்பாமல், "கண்டறியாத ஓட்டம்" எண்டார். அவ்வளவுதான்.

அந்த நேரம் எங்கட வீட்டில கதை அவ்வளவுதான். மகன் வேலையெண்டு வடக்கை போட்டான், மகள் படிக்கவெண்டு பேர்கனுக்குப் போட்டாள். ஒஸ்லோ வெஸ்ட்லியில எங்கட தொடர்மாடி வீட்டில நாங்கள் ரெண்டுபேரும் இருக்க ஒரு சத்தமும் இல்லை. சண்டை எண்டாலும் பறவாயில்லை, அதுவும் இல்லை. "சோறு போடட்டோ?" "ஓம்." "காணுமோ?" "காணும்." பேந்து அவர் ரீவி, நான் போன். ஒருத்தரில ஒருத்தருக்குக் கோபமெண்டு இல்லை. பிள்ளையளைப் பத்தியே கதைச்சுக் கதைச்சுப் பழகி, பிள்ளையள் போக எங்கட கதையும் அதுகளோட பெட்டி கட்டிக்கொண்டு போட்டுது. எனக்கு அது பெரிய துக்கமா இருந்தது. அவருக்கு இருந்ததோ இல்லையோ எண்டு கேக்கிறதுக்கும் கதைக்கவெல்லோ வேணும்!

முதல் வருசம் மலிவா ஒரு ஓட்டைக் காரை வாங்கி நான் ஓடினதெல்லாம் கடைசி, இல்லாட்டில் கடைசிக்கு முதல். மனுசன் ஒரு நாளும் வரேல்லை. வருச முடிவில ஒருக்கா, நான் கையை முறிச்சுக்கொண்டு வந்தால் சமைக்கிறது ஆரெண்ட பயத்திலயோ என்னவோ, வந்தார். வந்தவர் நான் ஓடினதைப் பாத்தாரோ தெரியாது, காரைப் பாத்தார். கதவெல்லாம் சேறு, எஞ்சின் மூடி ஒரு நிறம், கதவு ஒரு நிறம், பின்பக்கம் நெளிஞ்சு கிடக்குது. மனுசன் வேலை செய்யிறது ஆசுப்பத்திரியில ஒப்பிரேசன் ஆயுதங்கள் கழுவிக் கிருமி நீக்கிற பகுதியில. அவருக்கு ஒரு கரண்டியில நீர்த்துளி காய்ஞ்ச அடையாளம் இருந்தாலே சோறு இறங்காது. "இதிலையோ நீர் இவ்வளவு நாளும் சனத்துக்கு முன்னால ஓடினனீர்?" எண்டு கேட்டார். வெக்கத்தில அவருக்குக் காது சிவந்துபோச்சு.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்தான் கராஜில. ஒஸ்லோவுக்கு வெளியில திராமன் பக்கம் அந்த நோர்வேஜியப் பொம்பிளையும் நானுமாச் சேந்து ஒரு கராஜ் வாடகைக்கு வைச்சிருந்தம். மனுசன் அங்கை போய் நெளிவெல்லாம் எடுத்து, தேய்ச்சு, கடல்நீலத்தில பெயின்ற் அடிச்சு, மினுக்கி, சில்லுக்கு வெள்ளி பூசி வைச்சார். கல்யாணக் கார் தோத்துப்போம். அப்பவே அந்தப் பொம்பிளை எங்களுக்குச் சொன்னவ, இந்த ஓட்டத்தில ஒரு சட்டம் இருக்கு, ஓட்டம் முடிஞ்ச உடனை அண்டைக்கு ஓடின ஆரும் எந்தக் காரையும் விலைக்குக் கேக்கலாம் எண்டு. எல்லாக் காருக்கும் ஒரே விலைதான், அதுவும் சட்டத்தில இருக்கு. கேட்டால் குடுக்கத்தான் வேணும், மாட்டனெண்டால் ஓட்ட அனுமதியைப் பறிச்சுப்போடுவினம். ஒருத்தரும் காசைக் கொட்டிக் கார் செய்யக்கூடாதெண்டு வைச்ச சட்டம். நான் அதை மனுசனுக்குச் சொல்ல, அவர் சிரிச்சார். "உந்தத் தகரத்தை ஆர் வந்து கேக்கப்போறான்?" எண்டார். சொல்லிப்போட்டு அந்தத் தகரத்தை இன்னும் மினுக்கினார்.

வசந்தத்தில முதல் ஓட்டம். சந்தனம் குங்குமம் வைச்சு, நாலு சில்லுக்கும் கீழை தேசிக்காய் வைச்சார் மனுசன். காரைப் பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர் ஒரு தேசிக்காயை எடுத்து அங்கையும் இஞ்சையும் திருப்பிப் பாத்து, "இது என்ன?" எண்டு கேட்டார். "காப்புறுதி" எண்டார் என்ரை மனுசன், முகத்தில ஒரு சிரிப்பில்லாமல். வந்தவர் எழுதவேண்டியதை எழுதிப்போட்டுத் தேசிக்காயைத் திரும்ப வைச்சார்.

அண்டைக்கு நான் இறுதி ஓட்டத்தில மூண்டாவதா வந்தன். என்ரை வாழ்க்கையில முதல்தரம்! காரை விட்டிறங்கித் துள்ளிக் குதிச்சன். ஆனால் அதுக்கு முதலே சனம் எங்கட காரைச் சுத்தி நிண்டு படமெடுத்துக்கொண்டு நிண்டது, மனுசன் கலியாண வீட்டு மாப்பிளை மாதிரி நடுவில நிண்டார். அரை மணித்தியாலத்தில ஒலிபெருக்கியில கூப்பிட்டினம். எங்கட காரைக் கேட்டவை பன்னிரண்டு பேர். சீட்டுக் குலுக்கி எடுக்க, ஒரு பெரிய தாடிக்காரனுக்கு விழுந்தது. அவன் காரை ஓட்டிக்கொண்டு போக நாங்கள் பே முழி முழிச்சுக்கொண்டு நிண்டம்.

அந்த நோர்வேஜியப் பொம்பிளை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. "ஏன் அவ்வளவு வடிவாக்கினனீங்கள்? இஞ்சை ஆரும் காரைக் கழுவவே மாட்டினம்!" எண்டா. மனுசன் உடைஞ்ச நோர்வேஜியனில பதில் சொன்னார். நாலு சனம் பாக்கிற இடத்துக்கு ஊத்தையா எப்பிடி வாறதெண்டு. அவவுக்கு அது விளங்கேல்லை. எனக்கு விளங்கினது, அதுதான் கூட எரிச்சல்.

அண்டைக்குத் திரும்பி வரேக்கை மனுசன் வழி முழுக்கக் கதைச்சார். கவனியுங்கோ, முழுக்க! அந்தத் தாடிக்காரன் கிளட்சை எரிச்சுப்போடுவான், அவனுக்குக் கார் பாக்கத் தெரியாது, அவன்ரை கையைப் பாத்தனீரோ எண்டு. வீட்டை வந்தும் கதைச்சார். சாப்பிடேக்கையும் கதைச்சார். அடுத்த கார் வெளியால ஊத்தையா இருக்கவேணும், உள்ளுக்கை தங்கமா இருக்கவேணும் எண்டு ஒரு பெரிய திட்டம் போட்டார். நான் சோத்தைப் பிசைஞ்சபடி அவரையே பாத்துக்கொண்டிருந்தன். கார் போனது நல்லதெண்டு அப்ப நினைச்சன், வெளியால சொல்லேல்லை.

ரெண்டாவது காரைக் கட்டினது ரெண்டுபேரும் சேந்து. எஞ்சினைப் பிரிச்சுத் துணியில பரப்பி வைச்சு, ஒவ்வொரு ஆணியையும் ஆசுப்பத்திரிக் கணக்கில துடைச்சுத் துடைச்சுப் பூட்டினார். வெளிப்பக்கம்தான் அவருக்குப் பெரிய ஆய்க்கினை. நெளிவில்லாத ஒரு கதவு இருந்தது. "அதை அடிச்சு நெளியுங்கோ" எண்டு சுத்தியலைக் குடுத்தன். ஓங்கினார், விட்டார். ஓங்கினார், விட்டார். கடைசியில கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி போட்டார். போட்டிட்டு அந்த இடத்தைக் கையால தடவினார் பாருங்கோ, நான் சிரிச்சுச் சிரிச்சு நிலத்தில இருந்திட்டன். "சிரியும், சிரியும், உமக்கென்ன" எண்டு எனக்கு ஏச்சு. மிஞ்சின பெயின்ற் எல்லாத்தையும் கலந்து அடிச்சம். வந்த நிறத்துக்கு உலகத்தில பேரில்லை.

நாங்கள் கதைக்கத் தொடங்கினது அந்தக் கராஜிலதான். முதல்ல கார்தான். கியர், சில்லு, சறுக்கல். பேந்து அதில இருந்து அவரின்ரை வேலை, என்ரை வேலை, மருமகளா வரப்போறவள், ஊரில விட்டிட்டு வந்த தம்பி, எனக்கு வாற மூட்டுவலி எண்டு எல்லாம் கதைச்சம். நல்லாச் சண்டையும் பிடிச்சம். ஒருக்கா மகள் பேர்கனில இருந்து போன் எடுத்தவள், "அம்மா, பின்னால என்ன சத்தம்? அப்பாவோட சண்டையோ?" எண்டு பதறினாள். "இல்லையடி பிள்ளை, சில்லுக்குக் காத்து எவ்வளவு அடிக்கிறதெண்டு கதைக்கிறம்" எண்டன். அவள் நம்பேல்லை.

அந்தக் கார் எங்களோட மூண்டு வருசம் நிண்டது. ஊத்தைக் காரை ஒருத்தரும் திரும்பியும் பாக்கேல்லை. ஆனால் அது ஓடும்! புதுக் கார் கைக்குப் பழகப் பழக நான் ஆறாவதில இருந்து நாலாவது, நாலாவதில இருந்து ரெண்டாவது, பேந்து முதலாவது. பஸ்ஸில ஏறுற ஒரு தமிழ்நாட்டுப் பெடியன், கொம்பியூட்டர் வேலை, எங்கையோ என்ரை படத்தைப் பாத்திட்டு, "மேடம், நீங்கதான் அந்த ரேஸ் டிரைவரா? செம!" எண்டு முழு பஸ்ஸுக்கும் கேக்கச் சொன்னான். கோயில் திருவிழாவில "அக்கா, சேத்துக்குள்ள ஓடுறது நீங்கள்தானோ" எண்டு நக்கலாக் கேட்டவையும், கிண்ணம் ஒவ்வொண்டா வீட்டை வரத்தொடங்க மரியாதையாக் கேட்டினம். மனுசனைப் பாவமாப் பாத்தவை இப்ப அவரிட்டை எஞ்சினைப் பத்திக் கேட்டினம். அவருக்குத் தலை கால் தெரியேல்லை.

வெல்ல வெல்ல எனக்கு உள்ளுக்கை ஒரு அந்தரம். கார் ஊத்தையெண்டாலும் அது எப்பிடி ஓடுதெண்டு எல்லாருக்கும் கண்ணிருக்குத்தானே. மூண்டாம் வருசம் இலை உதிரத் தொடங்கேக்கை மாவட்டப் புள்ளியில நான் முதலாவது. கடைசி ஓட்டத்தில வெண்டால் மாவட்டக் கிண்ணம் எனக்கு. வெண்டால் காரும் போகும். அது எல்லாருக்கும் தெரியும், கோழிப்பண்ணைக்காரி வெளிப்படையாவே சொன்னா, தான் கேக்கப்போறனெண்டு.

எனக்குக் கிண்ணம் வேணும். ஏன் பொய் சொல்லுவான், நல்லா வேணும். ஆனால் கார் போனால் திரும்பவும் அந்த வீடு, அந்த ரீவி, அந்தச் சத்தமில்லாத சோறு எண்டு நினைக்க எனக்குக் கிண்ணமே வேண்டாம் போல இருந்தது. ஒரு பின்னேரம் சாப்பிடேக்கை சொன்னன்: "நான் இறுதியில கொஞ்சம் ஆறுதலா ஓடி நாலாவதா வாறனப்பா. கார் எங்களோட நிக்கும்."

மனுசன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சார். "ஆறுதலா ஓடுறதெண்டால் பஸ்ஸை ஓடும். நான் அந்த எஞ்சினை நாலாவதா வாறதுக்குக் கட்டேல்லை." முகம் சிவந்திட்டுது. பேந்து தண்ணியைக் குடிச்சிட்டு, "நான் ஓடப்போறன்" எண்டார்.

"எங்கை ஓடப்போறியள்?"

"ரேசிலை. அண்டைக்கு ஓடின ஆளெண்டால் காரைக் கேக்கலாம்தானே. உம்மடை காரை நான் கேக்கிறன். சீட்டில என்ரை பேரும் கிடக்கட்டும்."

எனக்குப் புரையேறிப்போச்சு. இந்த மனுசன் நெடுஞ்சாலையில எண்பது எண்டு போட்ட இடத்தில அறுபதில போறவர். லொறிக்காரர் ஹோன் அடிச்சால் கையைக் காட்டி வணக்கம் சொல்லுறவர். "உங்களுக்கென்ன விசரோ?" எண்டன். அவர் உண்மையாத்தான் சொன்னவர். ஓட்ட அனுமதிக்கு ஒருநாள் வகுப்புக்குப் போனார், சோதினையில பிழையில்லாமல் எழுதினார், அந்த நோர்வேஜியப் பொம்பிளையின்ரை பழைய காரொண்டை இரவலா வாங்கினார். வாங்கி, என்ன சொல்லியும் கேளாமல், அதைக் கழுவினார்.

கடைசி ஓட்ட நாள் விடிய மழை. முதல்ல ஆம்பிளையள் பிரிவு. மனுசன் தலைக்கவசத்தையும் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியையும் அதுக்குள்ள தள்ளிவிட்டு, நாகரிகமாக் கையைக் காட்டிப்போட்டு ஏறினார். நான் வேலியில தொங்கிக்கொண்டு தெரிஞ்ச தெய்வம் எல்லாத்தையும் கூப்பிட்டன். பச்சை லைட் விழுந்தது. அஞ்சு காரும் பாய்ஞ்சுது. மனுசனும் வெளிக்கிட்டார். முதல் வளைவுக்குக் கிட்ட வலப்பக்கத்தால ஒருத்தன் நெருக்கிக்கொண்டு வந்தான். என்ரை மனுசன் என்ன செய்தார் தெரியுமோ? பிறேக் பிடிச்சு, நிண்டு, அவனுக்கு வழி விட்டார்! நோர்வேச் சட்டம், வலப்பக்கத்தால வாறவருக்கு வழி விடவேணும். ஒலிபெருக்கியில கதைக்கிறவர் அதை ரெண்டுதரம் சொல்லிச் சிரிச்சார். பேந்து முழுச் சனமும் கைதட்டிச்சுது.

அவர் சுத்தி முடிக்க மற்றவை இறங்கித் தேத்தண்ணி குடிக்கத் தொடங்கியிட்டினம். ஆனால் முடிச்சார். கதவு திறக்கேலாதெண்டு யன்னலால ஏறி இறங்கின மனுசனின்ரை முகத்தைப் பாத்தன். நாங்கள் கலியாணம் முடிச்ச நாளில இருந்து அப்பிடியொரு முகத்தை நான் கண்டதில்லை. "ரெண்டாம் வளைவில பின்பக்கம் சறுக்கிச்சுது, கண்டனீரோ? கண்டனீரோ?" எண்டு என்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக் குலுக்கினார்.

பின்னேரம் என்ரை இறுதி. மழை விட்டாலும் பாதை வழுக்கினது. நான் ஒண்டையும் யோசிக்கேல்லை. ஆறுதலா ஓடுற எண்ணம் முதல் வளைவிலயே பறந்திட்டுது. கோழிப்பண்ணைக்காரி முதல் ரெண்டு சுத்தும் எனக்கு முன்னால நிண்டா. மூண்டாவது சுத்தில அவ சேத்துப் பக்கம் கொஞ்சம் அகலப் போக, நான் உள்பக்கத்தால நுழைஞ்சு, கதவுக்கும் கதவுக்கும் இடையில ஒரு விரல் இடைவெளியோட முந்தினன். பிறகு திரும்பிப் பாக்கேல்லை. கொடி விழுந்தாப் பிறகும் எனக்குக் காலை எடுக்க மனம் வரேல்லை, இன்னொரு சுத்துச் சுத்தினனான். கிண்ணம் எனக்கு! மனுசன் அழுதார். நானும் அழுதன். வெக்கமென்ன இதில?

சீட்டில ஒன்பது பேர். அதில ஒராள் என்ரை மனுசன். பெட்டியைக் குலுக்கேக்கை அவர் கண்ணை மூடிக்கொண்டு நிண்டார், வாய் என்னத்தையோ முணுமுணுத்தது. எடுத்தினம், வாசிச்சினம். பல் டொக்டரிட்டை வேலை செய்யிற ஒரு பிள்ளைக்கு விழுந்தது. என்னோட ஓடி அஞ்சாவதா வந்தவள். அவள் சந்தோசத்தில கத்திக்கொண்டு ஓடிவந்து எங்கள் ரெண்டுபேரையும் கட்டிப்பிடிச்சாள்.

மனுசன் மரியாதையா அவளுக்குக் கார்த் திறப்பைக் குடுத்தார். மூண்டாவது கியர் குளிரில கொஞ்சம் அடம்பிடிக்கும், பலவந்தம் பண்ணக்கூடாது எண்டார். எண்ணெய் என்ன வகை எண்டு சொன்னார். அவள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். காரை அவளின்ரை வண்டியில ஏத்தக் கைகுடுத்தார். அது வளைவில மறையுமட்டும் நிண்டு பாத்தார்.

நாங்கள் எங்கட வீட்டுக் காரில ஏறினம். நான்தான் ஓடினது. கிண்ணம் பின் சீற்றில கிடந்தது. ஒஸ்லோ வீதியைப் பிடிச்சம். நான் ரேடியோவைப் போட்டன், அவர் நிப்பாட்டினார்.

"இஞ்சாரும்," எண்டார். "எனக்குக் கார் போனதில கவலை இல்லை. இனி நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?"

இவ்வளவு காலமும் எனக்கு மட்டும்தான் அந்தப் பயமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இந்த மனுசன் சேத்துக்குள்ள இறங்கி, கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஓடினது ஒரு தகரத்துக்காக இல்லை. நான் ஓரமா நிப்பாட்டிக் கண்ணைத் துடைச்சன். துடைச்சிட்டு ஏசத் தொடங்கினன்.

"என்னத்தைக் கதைக்கிறதோ? ரேசிலை வலப்பக்கத்தால வாறவனுக்கு வழி விட்டியளே, அதைக் கதைப்பம்! முழுச் சனமும் பாக்க!"

"சட்டம் சட்டம்தான். ரேசெண்டால் சட்டம் இல்லையோ?"

"அந்தப் பெடியன் உங்களுக்கு நன்றி சொல்லிக் கையைக் காட்டினவன்!"

"காட்டினவன்தானே! நல்ல பெடியன். அதை விடும், ரெண்டாம் வளைவில நான் சறுக்கி எடுத்ததைச் சொல்லும். நீர் எப்பவும் அதில முந்தியே காலை எடுக்கிறனீர், நான் கவனிச்சனான். அது பிழை."

"பிழையோ? எனக்கோ? கிண்ணம் ஆரின்ரை? கடைசியா வந்தவர் எனக்கு வளைவு படிப்பிக்கிறார்!"

"அடுத்த வருசம் பாரும்," எண்டார் மனுசன்.

வெஸ்ட்லியில கட்டடத்துக்குக் கீழை காரை நிப்பாட்டினன். எஞ்சினும் நிண்டிட்டுது. ரெண்டுபேரும் இறங்கேல்லை. அவர் கார் முன்கண்ணாடியில படிஞ்ச ஆவியில விரலால அந்த ரெண்டாம் வளைவைக் கீறிக் காட்டிக்கொண்டிருந்தார், நான் அதை அழிச்சுச் சரியாக் கீறிக்கொண்டிருந்தன்.